ஒரு கேட்சரின் அப்பா கற்றுக்கொண்டது

பேஸ்பாலில் கேட்சர் ஆகப்போகிறேன் என்று என் மகன் சொன்னபோது அவனுக்கு வயது பத்து. எனக்குப் பெருமையாக இருந்தது. திருநெல்வேலியில் கல்லூரி அணிக்கு மூன்று ஆண்டுகள் விக்கெட் கீப்பராக நின்றவன் நான். ஸ்டம்புக்குப் பின்னால் நிற்பதும், பேட் பிடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் குந்துவதும் ஏறக்குறைய ஒரே வேலைதான், என்னிடம் இருப்பதை அப்படியே அவனுக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். செயின்ட் லூயிஸில் எங்கள் வீட்டுப் பின்புறப் புல்தரையில் முதல் நாளே டென்னிஸ் பந்தைத் தரையில் குத்திப் போட்டு, "கையைத் தாழ்த்து, பந்தோடு சேர்ந்து எழு, பிடி" என்று சொல்லிக்கொடுத்தேன். அவனும் அழகாகப் பிடித்தான்.

அடுத்த வாரமே அவனுடைய பயிற்சியாளர் அத்தனையையும் மறக்கச் சொன்னார். பந்து மண்ணில் குத்தப்போகிறது என்று தெரிந்தால் கேட்சர் அதைப் பிடிக்க முயலவே கூடாது. தடுக்க வேண்டும். பிடிக்கப் போனால் பத்தில் ஏழு முறை கைக்குள் வரும், மூன்று முறை பின்னால் போய்விடும். ரன் எடுக்க ஓடிவரும் வழியில் கடைசி நிலையான மூன்றாவது பேஸில் எதிரணிக்காரன் ஒருவன் நின்றுகொண்டிருந்தால் அந்த மூன்றில் ஒன்று போதும், ஆட்டம் போய்விடும். உடம்பைக் குறுக்கே போட்டால் பந்து கையில் நிற்காது, ஆனால் கண்ணெதிரே கிடக்கும். அது போதும்.

அதை அவர் செய்துகாட்டிய விதம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அறுபது வயதுக்காரர். இரண்டு முழங்கால்களும் ஒரே சமயத்தில் மண்ணில் விழுந்தன. மிட் என்கிற கேட்சரின் தடித்த கையுறையைக் கால்களுக்கு நடுவே தரையோடு வைத்து அந்த வாசலை அடைத்தார். தோள்களை முன்னால் வளைத்து, முதுகைக் கூனாக்கி, மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டார். பிறகு மூச்சை வெளியே விட்டார். அந்த மூச்சில்தான் சூட்சுமம் இருக்கிறது. இழுத்துப் பிடித்தால் நெஞ்சு பலகையாக விறைத்துக்கொள்ளும், பந்து பத்தடி தள்ளித் தெறிக்கும். விட்டால் நெஞ்சு தளர்ந்து கொடுக்கும், பந்து காலடியிலேயே செத்து விழும். முகத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் திருப்பக் கூடாது. திருப்பினால் கவசம் இல்லாத கழுத்து பந்துக்கு நேராக வந்துவிடும்.

வீட்டில் இதைப் பழக்குவதற்கு எளிய வழி ஒன்று உண்டு. பிள்ளையின் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். ஹெல்மெட்டும் மார்புக் கவசமும் கால் காப்பும் போட்டிருக்க வேண்டும். பதினைந்தடி தூரத்திலிருந்து டென்னிஸ் பந்தை அவன் முன்னால் குத்தி எறியுங்கள். கை இல்லாதபோது உடம்பு தானாகப் பந்தின் பின்னால் போகக் கற்றுக்கொள்கிறது. ஒரு நாளைக்கு இருபது பந்துகள் போதும், அதற்கு மேல் போனால் பயம்தான் பழகும். முதல் மாதம் என் மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "பெற்ற பிள்ளையைப் பந்தால் அடிப்பது ஒரு விளையாட்டா?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் தவறில்லை. அவன் புஜத்தில் அப்போது இரண்டு நீலத் தழும்புகள் இருந்தன.

ஆட்டம் முடிந்து காரில் ஏறியதும் நான் அவனிடம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை அடித்தாய்?" என்பதுதான். ஸ்கோர் பார்த்தே வளர்ந்தவனுக்கு வேறு கேள்வி தெரியாது. அவனுக்குப் பன்னிரண்டு வயதானபோது ஒரு நாள் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டே சொன்னான்: "அப்பா, இன்றைக்குப் பதினோரு பந்துகளைத் தடுத்தேன். நீங்கள் அதைக் கேட்கவே இல்லை."

இந்த ஊரில் இருந்துகொண்டு அது எனக்கு உறைக்காமல் இருந்தது பெரிய பிழை. 2003-இல் இங்கே வந்தேன். அடுத்த கோடையில் அலுவலக நண்பர்கள் பழைய புஷ் ஸ்டேடியத்துக்கு அழைத்துப் போனார்கள். பேஸ்பால் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பழைய கீப்பரின் கண் கேட்சர் மேல்தான் போகும், அங்கேயே நிலைத்துவிட்டது. அந்த ஆண்டு ஜூன் மாதம்தான் யாடியர் மொலினா இந்த ஊரின் கார்டினல்ஸ் அணிக்கு வந்திருந்தார். புவேர்ட்டோ ரிக்கோவின் பயமோன் ஊர்க்காரர், வயது 21. மூத்த கேட்சர் மைக் மத்தேனிக்கு மாற்றாக உட்கார்ந்திருந்தவர். அடுத்த ஆண்டிலிருந்து அந்த இடம் அவருடையது. 2022 வரை 19 சீசன்கள் அதே அணி, அதே இடம்.

2006-இல் மொலினாவின் பேட்டிங் சராசரி .216. நூறு வாய்ப்பில் இருபத்திரண்டை எட்டாத கணக்கு. வேறு எந்த இடத்தில் ஆடியிருந்தாலும் உட்காரவைத்திருப்பார்கள். அவரை மட்டும் நீக்கவில்லை. பந்து வீசுகிற பிட்சர்கள் அனைவரும் அவரை நம்பினார்கள். அந்த அக்டோபரில் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில், உலகத் தொடர் என்னும் ஆண்டின் இறுதிப் போட்டிக்குப் போவது யார் என்று முடிவாகும், மெட்ஸ் அணிக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில், கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் ஆட்டத்தைத் திருப்பிய ஹோம் ரன்னை அடித்தவர் அந்த .216 மனிதர்தான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அதே இன்னிங்ஸின் கடைசிப் பந்து. மூன்று பேஸ்களிலும் ஆட்கள், இரண்டு அவுட். பேட் பிடித்து நிற்பவர் கார்லோஸ் பெல்ட்ரான். எதிரே ஆடம் வெயின்ரைட் என்ற இளம் பிட்சர். வளைந்து விழும் கர்வ் பந்து ஒன்று வந்தது. பெல்ட்ரான் பேட்டை அசைக்கவே இல்லை. மூன்றாவது ஸ்ட்ரைக், அவுட். கார்டினல்ஸ் வென்றது. என் மகன் அப்போது நான்கு மாதக் குழந்தையாக என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். நான் கத்தியதில் விழித்து அழுதான்.

பேஸைத் திருட, அதாவது பந்து அடிபடாமலே அடுத்த பேஸைப் பிடிக்க, ஓடியவர்களில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் பேரை மொலினா பந்தை எறிந்து வீழ்த்தியிருக்கிறார். பெரும்பாலான கேட்சர்களுக்கு முப்பது வந்தாலே நல்ல கணக்கு. ஆனால் அவரைப் பார்த்து ஓடாமலே நின்றவர்களை எந்த ஏட்டில் எழுதுவது? அரங்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் அது தெரியும். முதல் பேஸில் நிற்பவன் இரண்டடி எடுத்துவைப்பான், பிளேட் பக்கம் ஒரு முறை பார்ப்பான், ஒரு அடி பின்னால் வந்துவிடுவான். கேட்சரின் பாதி வேலை இப்படி நடக்காமல் போனவற்றில்தான் இருக்கிறது.

பிளேட்டிலிருந்து இரண்டாவது பேஸ் 127 அடிக்குச் சற்று மேல். பந்து மிட்டில் விழுந்த நொடியிலிருந்து அங்கே நிற்பவரின் கைக்குப் போய்ச் சேர இரண்டு நொடி என்றால் நல்ல தொழில்முறைக் கேட்சர், 1.9 என்றால் மிக நல்லவர். பெற்றோர் பலர் இதைக் கைப்பலம் என்று நினைத்துக்கொண்டு பிள்ளையின் தோளை உடைக்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். உண்மையில் நேரம் மிச்சமாவது காலில். அடுத்தது, பந்தை மிட்டிலிருந்து கைக்கு மாற்றும் இடத்தில். மிட்டை வயிற்றருகே வைத்துக்கொண்டு பந்தைத் தோண்டி எடுத்தால் கால் நொடி போய்விடும். மிட்டையே வலது காதருகே கொண்டுவர வேண்டும், கை அங்கே காத்திருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். என் மகனுடைய 2.5 நொடி இரண்டு ஆண்டுகளில் 2.2 ஆனது. அதற்குள் எறியும் பலம் பெரிதாகக் கூடிவிடவில்லை. பாதங்கள் வேகமாகின.

எறியும் கை பற்றி இன்னொன்று. கீப்பருக்கு இரண்டு கையுறைகள், கேட்சருக்கு ஒன்றுதான். அடுத்த கை வெறுங்கை. பேட்டை உரசித் திசை மாறும் பந்து அந்தக் கையில் பட்டால் விரல் போய்விடும். ஒரு காலத்தில் கேட்சர்களின் விரல்கள் வேர் முடிச்சுகள் போலக் கோணிக்கொண்டிருந்தன. சின்சினாட்டியின் ஜானி பெஞ்ச் மடக்கும் மிட்டால் ஒற்றைக் கையில் பிடித்து, வலது கையைப் பின்னால் மறைத்துக்கொள்ளும் முறையை ஊரெல்லாம் பரவச் செய்தார். பிள்ளைக்கு முதல் நாளே அந்தக் கையை வலது கணுக்காலுக்குப் பின்னாலோ மிட்டுக்குப் பின்னாலோ வைக்கப் பழக்குங்கள். கட்டைவிரல் மற்ற நான்கு விரல்களுக்குள் மடங்கி இருக்கட்டும்.

இனி, நான் செய்த தவறு. அவனுக்குப் பன்னிரண்டு வயது, ஒரு வார இறுதிப் போட்டி. காலையில் ஐந்து இன்னிங்ஸ் கேட்சராக ஆடினான். மதியம் பிட்சர் தட்டுப்பாடு, அவனையே பந்து வீச அனுப்பினார்கள். சிறுவர்களுக்கான பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீகில் இதற்குத் தெளிவான தடை இருக்கிறது. நான்கு இன்னிங்ஸோ அதற்கு மேலோ கேட்சராக ஆடியவன் அன்று பந்து வீசக் கூடாது. 41 பந்துகளோ அதற்கு மேலோ வீசியவன் அன்று கேட்சராக உட்காரக் கூடாது. நாங்கள் போயிருந்த போட்டியில் அப்படி விதி எதுவும் இல்லை. எனக்கு அந்த விதி தெரியும். தெரிந்தும், எல்லோர் முன்னாலும் பயிற்சியாளரிடம் போய்ச் சொல்லத் தயங்கி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேட்சர் ஒவ்வொரு பந்தையும் பிட்சருக்குத் திருப்பி எறிகிறான். பிட்சர் எத்தனை எறிகிறானோ ஏறக்குறைய அத்தனை அவனும் எறிகிறான், அதை யாரும் எண்ணுவதில்லை. அன்றிரவு அவனால் சாப்பாட்டுத் தட்டைத் தூக்க முடியவில்லை. முழங்கையில் வளரும் எலும்பின் நுனியில் வீக்கம் என்றார் மருத்துவர். நான்கு மாதம் ஒரு பந்துகூட எறியவில்லை. பிள்ளையை விளையாட அனுப்புகிறவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்: போட்டியை நடத்துபவர் யாராக இருந்தாலும் எண்ணிக்கையை நீங்கள் வைத்திருங்கள், எழுந்து போய்ச் சொல்லுங்கள்.

இரண்டாவது அடி பதினைந்து வயதில். உரசிய பந்து நேராக முகமூடியில் பட்டது. எழுந்தான், தலையாட்டினான், ஆட்டத்தை முடித்தான். காரில் வரும்போது, "எத்தனையாவது இன்னிங்ஸில் பட்டது?" என்று கேட்டான். ஐந்தாவது என்றேன். இரண்டு சிக்னல் தாண்டி மறுபடியும் அதையே கேட்டான். நான் வண்டியை மருத்துவமனைக்குத் திருப்பினேன். மூன்று வாரம் ஆடவில்லை. மைக் மத்தேனி, இந்த ஊர் கொண்டாடிய கேட்சர், 2006-இல் இப்படித் தலையில் திரும்பத் திரும்பப் பட்ட அடிகளாலேயே ஆட்டத்தை விட்டார். மினசோட்டாவின் ஜோ மோவர் 2013-இல் அதே காரணத்தால் கேட்சர் இடத்தை விட்டு முதல் பேஸுக்குப் போனார். 2018 செப்டம்பர் 30 அன்று, கடைசி ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில், அந்தக் கவசங்களை மறுபடியும் மாட்டிக்கொண்டு வந்து ஒரே ஒரு பந்தைப் பிடித்துவிட்டு வெளியேறினார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த என் மகன் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பந்துக்காக அவர் ஐந்து ஆண்டுகள் காத்திருந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

அடி பட்டவனுக்கு மூச்சு வாங்க நேரம் கொடுப்பதில் இந்த விளையாட்டுக்கு ஓர் அழகான வழக்கம் உண்டு. கேட்சருக்கு அடி பட்டால் அம்பயர் உடனே குனிந்து பிளேட்டைத் தூரிகையால் துடைக்கத் தொடங்குவார். பிளேட் சுத்தமாகத்தான் இருக்கும். மெதுவாக, ஓரம் ஓரமாகத் துடைப்பார். அம்பயருக்கு அடி பட்டால் கேட்சர் எழுந்து பிட்சரிடம் நடந்துபோய் ஏதாவது பேசுவார். பேச ஒன்றும் இருக்காது. இரண்டடி தூரத்தில் மூன்று மணி நேரம் ஒன்றாக இருப்பவர்கள் இப்படி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். என் மகனுக்கு நான் கண்டிப்பாகச் சொல்லியிருப்பது, தீர்ப்பு பிடிக்கவில்லையென்றால் முகத்தைத் திருப்பி அம்பயரைப் பார்க்காதே, முன்னால் பார்த்துக்கொண்டே கேள் என்பது. திரும்பினால் அரங்கம் முழுவதற்கும் தெரியும், அவருக்கு அவமானமாகிவிடும்.

இந்த ஊரில் தி ஹில் என்று இத்தாலியக் குடும்பங்களின் பேட்டை ஒன்று இருக்கிறது. அங்கே எலிசபெத் அவென்யூவில் எதிரெதிர் வீடுகளில் இரண்டு சிறுவர்கள் வளர்ந்தார்கள். யோகி பெரா, ஜோ கராஜியோலா. இருவருமே கேட்சர்கள். கராஜியோலாவுக்கு 500 டாலர் கொடுத்த கார்டினல்ஸ், யோகிக்கு அதைவிடக் குறைவாகத் தருவதாகச் சொன்னது. அவர் மறுத்துவிட்டு நியூயார்க் யாங்கீஸுக்குப் போய், 10 உலகத் தொடர்களை வென்றார். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். அதே செயின்ட் லூயிஸில் பிறந்த இன்னொரு கேட்சர் மடி ரூயல், சட்டம் படித்தவர். கேட்சர் அணியும் கவசங்களுக்கு 'அறியாமையின் கருவிகள்' என்று பெயர் வைத்தவர் அவர்தான் என்பார்கள். படித்தவனும் படிக்காதவனும் குந்தி உட்கார்ந்து ஒரே படிப்பைப் படித்த இடம் அது என்று மகனிடம் சொன்னேன். ஒவ்வொரு பேட்டரும் எங்கே தடுமாறுவான், தன் பிட்சருக்கு இன்று எந்தப் பந்து கைகூடவில்லை, அம்பயர் எந்த ஓரத்தைக் கொடுக்கிறார் என்பதெல்லாம் அங்கிருந்துதான் தெரியும். மற்ற எட்டுப் பேரும் பிளேட்டைப் பார்த்து நிற்கிறார்கள். மைதானம் முழுவதையும் பார்த்து உட்காருகிறவன் கேட்சர் ஒருவன்தான்.

அதனால்தான் ஓய்வுக்குப் பிறகு அணியை நடத்தும் மேலாளர் ஆகிறவர்களில் கேட்சர்கள் இத்தனை பேர். புரூஸ் போச்சி ஒன்பது சீசன்களில் ஆடியது மொத்தம் 358 ஆட்டங்கள். காலமெல்லாம் மாற்று ஆட்டக்காரர். மேலாளராக நான்கு உலகத் தொடர்களை வென்றார். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு நான் இவர் பெயரைத்தான் சொல்வது. அந்த நேரத்தில் உங்கள் பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறானா, பிட்சரைப் பார்த்துக்கொண்டிருக்கிறானா என்று மட்டும் கவனியுங்கள்.

தொழில் என்று நினைப்பவர்களுக்குப் பணக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். மேஜர் லீக் என்னும் முதல்நிலை லீகின் அணிகள் ஆண்டுதோறும் இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் சுற்றுகள் இப்போது 20தான். தேர்வானாலும் பெரும்பாலோர் போய்ச் சேருவது அதற்குக் கீழே இருக்கும் மைனர் லீக். 2023-இல் வந்த ஒப்பந்தம்தான் அங்கே கீழ்ப்படிகளில் ஒன்றான ஒற்றை ஏ நிலைச் சம்பளத்தை ஆண்டுக்கு 11,000 டாலரிலிருந்து 26,200 டாலராக உயர்த்தியது. மேஜர் லீகில் அதே ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளம் 7,20,000 டாலர். நடுவில் இருப்பது பள்ளத்தாக்கு, அதைக் கடக்கிறவர்கள் சிலர்தான். என் மகன் தேர்வாகவில்லை. இப்போது இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றில் ஆடுகிறான், கூடவே படிக்கிறான். படிப்பை விடக் கூடாது என்பதில் அவன் அம்மா சொன்னதுதான் முடிவு.

ஆட்டமும் மாறிக்கொண்டிருக்கிறது. எந்தப் பந்தை வீசுவது என்று பிட்சருக்குக் காட்டும் விரல் சைகை தெரிவதற்காகக் கேட்சர்கள் நகத்தில் பளிச்சென்ற வண்ணம் பூசிக்கொண்ட காலம் போய், 2022 முதல் மேஜர் லீகில் பொத்தானை அமுக்கினால் பிட்சரின் காதில் செய்தி கேட்கிறது. ஓரத்தில் விழும் பந்தை மிட்டால் மெல்ல உள்ளே இழுத்து ஸ்ட்ரைக்காகக் காட்டும் கலைக்கும் போட்டி வந்துவிட்டது. 2026 சீசனிலிருந்து பேட்டரோ பிட்சரோ கேட்சரோ தலையைத் தட்டி, அம்பயரின் தீர்ப்பை எதிர்த்துக் கேமராவிடம் முறையிடலாம். சிலர் இதைக் கேட்சரின் முடிவு என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பந்து விழும் அந்த ஓரத்தை மிக அருகில் பார்க்கிறவன் அவன். எப்போது முறையிடுவது, எப்போது விட்டுவிடுவது என்பது இனி அவன் தலையில் விழும் புதுப் பொறுப்பு. மண்ணில் குத்தும் பந்து எப்படியும் நெஞ்சில்தான் வந்து விழப்போகிறது.

2022 செப்டம்பர் 14 அன்று மகனும் நானும் அரங்கத்தில் இருந்தோம். வெயின்ரைட் வீச, மொலினா பிடிக்க, இருவரும் சேர்ந்து தொடங்கிய 325-வது ஆட்டம். டெட்ராய்டின் மிக்கி லோலிச்சும் பில் ஃப்ரீஹானும் வைத்திருந்த 324 என்ற சாதனை அன்று முறிந்தது. ஷே ஸ்டேடியத்தில் அந்தக் கர்வ் பந்தை வீசி, பிடித்த அதே இருவர், பதினாறு ஆண்டுகள் கழித்து. ஊரே எழுந்து நின்று கைதட்டியது. இரண்டு பேர் சேர்ந்தால்தான் எழுத முடிகிற கணக்கு அது.

போன ஞாயிற்றுக்கிழமை மகன் கல்லூரியிலிருந்து அழைத்தான். அணிக்குப் புதிதாக ஓர் இடதுகைப் பிட்சர் வந்திருக்கிறானாம், டொமினிகன் குடியரசிலிருந்து. ஆங்கிலம் இன்னும் பிடிபடவில்லை. ஒரு பந்து தவறினால் அடுத்த ஆறு பந்துகளும் உயரே போகின்றனவாம். பிட்சர் நிற்கும் மேட்டுக்கு நடந்துபோய் என்ன சொல்வது என்று தெரியாமல் இவன் இரண்டு ஸ்பானியச் சொற்கள் கற்றுக்கொண்டிருக்கிறான். 'அபாஹோ' என்றால் கீழே, 'த்ரான்கீலோ' என்றால் பதறாதே. முதல் நாள் அதைச் சொன்னதும் அவன் சிரித்துவிட்டானாம், உச்சரிப்பு அப்படி. சிரித்த பிறகு பந்து கீழே வரத் தொடங்கியதாம். அவனுடைய கர்வ் எந்தத் தோளிலிருந்து கிளம்புகிறது, சோர்ந்தால் முதலில் எந்த முழங்கால் மடங்குகிறது, வீட்டு நினைவு வந்தால் எப்படித் தொப்பியை இழுத்துவிட்டுக்கொள்கிறான் என்று இருபது நிமிடம் சொல்லிக்கொண்டிருந்தான். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "அந்தப் பையன் என்ன சாப்பிடுகிறான்?" என்று கேட்டாள். சோறும் பீன்ஸும் என்றான். அடுத்த முறை வரும்போது அவனையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள்.

போனை வைத்த பிறகுதான் நினைவு வந்தது. எத்தனை அடித்தாய் என்று நான் கேட்கவே இல்லை.